நகரசபையின் நடவடிக்கைக் குறிப்பு

தமிழகத்துக்கு வெளியே வாழ்கின்ற தமிழர் தாம் குடியிருக்கும் ஊரின் நகரசபையைப் பல பெயர்களால் அறிவர். காசியிலும் கான்பூரிலும் அது நகர் நிகம். புணேயிலும் ஆமதாபாத்திலும் மகாநகர் பாலிகை. வங்காளத்துச் சிறு நகரங்களில் பௌரசபை. தெலுங்கு நாட்டில் புரபாலக சங்கம். கேரளத்தில் நமக்குப் பழக்கமான நகரசபை. வரி கேட்டு வருகின்ற தாளிலும், தண்ணீர் வராது என்று அறிவிக்கின்ற பலகையிலும் இந்தப் பெயர்கள் அந்தந்த மாநிலத்து எழுத்தில் காணப்படுகின்றன. எழுத்துப் புரியாதவரும் அந்தப் பலகையின் பொருளை உடனே உணர்ந்துகொள்கிறார்கள். குழாயில் தண்ணீர் வராத துன்பத்துக்கு மொழி வேறுபாடு இல்லை.

இத்தகைய சபை ஒன்று கூடும்போது அங்கே நடைபெறும் அலுவல் என்ன? முதலில் சென்ற கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பைப் படித்து உறுதி செய்வார்கள். பிறகு நிகழ்ச்சி நிரலில் உள்ள விஷயங்கள் ஒவ்வொன்றாக வரும். ஏழாவது வட்டத்துச் சாக்கடைக்கு மதிப்பீடு, தெருவிளக்குக்கு ஒப்பந்தப்புள்ளி, வீட்டுவரி அதிகம் என்று ஒருவர் செய்த மேன்முறையீடு, சந்தைக் கடைகளின் குத்தகை, சுகாதார அதிகாரியின் மாதாந்தர அறிக்கை, ஊழியர் ஒருவரின் விடுமுறை விண்ணப்பம், தணிக்கையாளர் எழுப்பிய ஆட்சேபம். இந்த ஆவணங்களின் நடை மிகவும் வறண்டது. அரசாங்கக் காகிதங்களை மொழிபெயர்த்துப் பழகியவருக்குக்கூட நகரசபைத் தீர்மானங்கள் சலிப்பூட்டக்கூடியவை. இவற்றில் வரலாறு எங்கே இருக்கிறது என்று ஒருவர் கேட்டால், அக்கேள்வி நியாயமானதே.

ஆயினும், நம் நாட்டின் அண்மைக்கால வரலாற்றைச் சற்றே ஊன்றி நோக்குவோருக்கு ஒரு செய்தி புலப்படும். பாரதம் விடுதலை பெற்றபோது அதன் பொறுப்பைத் தாங்கியவர்களில் பலர், அதற்குக் கால் நூற்றாண்டுக்கு முன்பு, சாக்கடைக்கும் விளக்குக்கும் கையொப்பமிட்டவர்கள். நாட்டை ஆளும் பயிற்சி அவர்களுக்கு வாய்த்த இடங்களில் நகரசபை ஒன்று. அந்தப் பயிற்சி எவ்வாறு அமைந்தது, அதன் குறைகள் எவை, இன்று அது நமக்கு என்னவாகும் என்பவற்றை இங்கே காண்போம்.

ஊராட்சி என்றவுடன் தமிழர் நினைவுக்கு வருவது உத்திரமேரூர். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி. பி. 919ஆம் ஆண்டிலும் 921ஆம் ஆண்டிலும், அவ்வூர்ச் சபையார் செய்த ஏற்பாடுகள் கல்லில் பொறிக்கப்பட்டு இன்றும் நிற்கின்றன. 30 குடும்புகளிலிருந்து குடவோலை முறையால் உறுப்பினரைத் தேர்ந்து, ஏரி வாரியம், தோட்ட வாரியம், ஸம்வத்ஸர வாரியம் முதலிய குழுக்களை அமைத்தனர். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும், அவருடைய நெருங்கிய உறவினரும் மீண்டும் இடம்பெறலாகாது என்று விதித்தனர். குடவோலையைப் பற்றிப் பெருமை பேசும் நாம், ஏரியைத் தூர் வாருவதும் கணக்கை ஒப்புவிப்பதுமே அந்தச் சபையின் உண்மையான அலுவல் என்பதை மறந்துவிடுகிறோம். அது பிராமணர் ஊர் ஒன்றின் சபை என்பதும், சொந்த நிலமும் சொந்த மனையில் வீடும் வேதப் பயிற்சியும் உடைய ஆடவர்க்கே அதில் இடமிருந்தது என்பதும் உடன் சொல்லவேண்டிய உண்மைகள். சோழர் காலத்தில் வணிகர்களின் அவைக்கு ‘நகரம்’ என்றே பெயர் வழங்கியது. ஆனால், இன்றைய நகரசபை அந்த அவைகளின் வழியில் வந்த வாரிசு அன்று. அதன் பிறப்பு வேறு.

அந்தப் பிறப்பும் தமிழ் மண்ணிலேயே நேர்ந்தது. 1687 டிசம்பர் 30ஆம் நாளிட்ட சாசனத்தின்படி, 1688 செப்டம்பர் 29ஆம் நாள் சென்னையில் மாநகராட்சி தொடங்கப்பெற்றது. இந்தியாவில் ஐரோப்பிய முறையில் அமைந்த முதல் நகராட்சி அதுவே. ஒரு மேயர், 12 ஆல்டர்மென், 60 பர்ஜெஸ் என்னும் நகரப் பிரதிநிதிகள் என்பது அதன் அமைப்பு. இதை ஏற்படுத்திய கிழக்கிந்தியக் கம்பெனியாரின் நோக்கம் மக்களுக்குச் சுயாட்சி வழங்குவதன்று. கோட்டைக்கும் ஊருக்கும் ஆகின்ற செலவுக்குப் பணம் வேண்டியிருந்தது. தங்கள் பிரதிநிதிகளே விதிக்கும் வரியை மக்கள் மனமுவந்து செலுத்துவார்கள் என்று லண்டனில் இருந்தவர்கள் கருதினார்கள். அந்தக் கணக்குப் பொய்த்தது. நகர மண்டபத்துக்கும் பள்ளிக்கும் சிறைக்கும் என்று கேட்ட வரியைச் செலுத்த மக்கள் முன்வரவில்லை. வரியும் பிரதிநிதித்துவமும் ஒன்றோடொன்று பிணைந்தவை என்ற கருத்து, இவ்வாறு ஒரு தோல்வியின் வடிவிலேயே இந்நாட்டு நகரங்களில் முதன்முதலில் நுழைந்தது.

சென்னை, பம்பாய், கல்கத்தா ஆகிய மூன்று தலைநகரங்களுக்கு வெளியே இருந்த ஊர்களுக்கு நகரசபை வந்தது 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில்தான். 1850ஆம் ஆண்டின் 26ஆம் சட்டம், ஊரார் விரும்பினால் நகர அபிவிருத்திக் குழு அமைத்துக்கொள்ளலாம் என்று அனுமதித்தது. சென்னை மாகாணத்தில் 1865ஆம் ஆண்டில் தனிச் சட்டம் வந்தது. அதன்படி 1866இல் சேலம், மதுரை, திருச்சிராப்பள்ளி, கோயம்புத்தூர் முதலிய ஊர்களில் நகரசபைகள் ஏற்பட்டன. ஜில்லாக் கலெக்டரே தலைவர். அங்கத்தினர் அனைவரும் சர்க்காரின் நியமனம் பெற்றவர்கள். ஊரின் வரிப்பணத்திலிருந்து போலீசுச் செலவுக்கும் பங்கு கொடுக்கவேண்டியிருந்தது. அது போக எஞ்சியதைக் கொண்டு தெருவைப் பெருக்கி விளக்கேற்றினார்கள். 1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக்குப் பின்னர் சர்க்காரின் கஜானா நெருக்கடியில் இருந்தது. அந்தச் சுமையின் ஒரு பகுதியை ஊர்கள் மீது இறக்கிவைப்பதே இந்தச் சட்டங்களின் உட்கருத்து.

இந்த நிலையில் மாறுதலைக் கொண்டுவந்தவர் ரிப்பன் பிரபு. 1882 மே 18ஆம் நாள் அவருடைய சர்க்கார் வெளியிட்ட தீர்மானத்தில், ஸ்தல ஸ்தாபனங்களின் அங்கத்தினருள் அதிகாரிகள் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்படலாகாது, இயன்ற இடமெல்லாம் தேர்தல் நடத்தவேண்டும், இயன்ற இடமெல்லாம் அதிகாரி அல்லாதவரே தலைவராகவேண்டும் என்ற விதிகள் இடம்பெற்றன. போலீசுச் செலவை நகரசபைகளின் தலையிலிருந்து நீக்கி, கல்வி, மருந்தகம் போன்ற பொறுப்புகளை அதற்கு ஈடாக அளிக்கும் கொள்கையும் அப்போது உறுதிப்பட்டது. இந்த ஏற்பாட்டால் நிர்வாகம் உடனே செம்மையுறும் என்று ரிப்பன் கூறவில்லை. மக்களுக்கு அரசியற் கல்வி தரும் ஒரு கருவி என்றே அவர் இதனைக் கருதினார். தவறு செய்தாலும் தாமே செய்து தாமே திருத்திக்கொள்ள மக்களை விடவேண்டும் என்பது அக்கொள்கையின் சாரம். மாகாண அதிகாரிகள் பலர் இதை விரும்பவில்லை. அதனால் 1884ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்தில் வந்த ஜில்லா முனிசிபாலிடிகள் சட்டம் முதலியவற்றில், மேலிருந்து கட்டுப்படுத்தும் அதிகாரம் பலவாறாக வைத்துக்கொள்ளப்பட்டது. வரவு செலவுத் திட்டத்தை ஏற்பதும் மறுப்பதும், தீர்மானத்தை நிறுத்திவைப்பதும், சபையையே நீக்கிவைப்பதும் சர்க்காரின் கையில் இருந்தன. வாக்குரிமையும் வரி செலுத்தும் சிலருக்கே இருந்தது.

நகரசபையின் உயிர் வரி. இங்கே தெற்குக்கும் வடக்குக்கும் ஒரு வேறுபாடு இருந்தது. பம்பாய் மாகாணம், ஐக்கிய மாகாணம், பஞ்சாப், மத்திய மாகாணம் ஆகியவற்றில் நகரத்துக்குள் வரும் சரக்குகளின் மீது எல்லையிலேயே தீர்வை வாங்கினார்கள். ஆக்ட்ராய் என்றும், இந்தி பேசுவோர் வழக்கில் சுங்கி என்றும் அதற்குப் பெயர். சென்னை மாகாணத்தில் இந்த முறை இல்லை. அங்கே வீட்டுவரியும் தொழில்வரியுமே பெரும்பாலும் ஆதாரம். பிழைப்பை நாடி வடக்கே சென்ற தமிழர் ஊர் எல்லையில் வண்டிகள் வரிசையாக நிற்பதைக் கண்டு வியந்ததற்கு இதுவே காரணம். சுங்கி வசூலிப்பது எளிது. சபைக்கு நாள்தோறும் பணம் வரும். ஆனால், நெய்யும் தானியமும் விறகும் வாங்கும் ஏழையின் மீது அதன் பாரம் விழுந்தது. வீட்டுவரியோ வீடுடையவர் மீது விழுவது. வீடுடையவர்களே அக்காலத்தில் அங்கத்தினராகவும் இருந்தார்கள். எந்த வரியை உயர்த்துவது என்று ஒரு சபை விவாதித்தபோது, யார் யாருக்காகச் செலவிடவேண்டும் என்பதையே அது தீர்மானித்தது. சுங்கியைப் பல மாநிலங்கள் ஒவ்வொன்றாகக் கைவிட்டன. 2017 ஜூலை 1ஆம் நாள் சரக்கு, சேவை வரி வந்தபோது அது முற்றிலும் மறைந்தது.

இனி ஒரு நகரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு இந்த அலுவலை அருகிருந்து பார்ப்போம். தமிழர் பலர் குடியேறி வாழும் ஆமதாபாத் அதற்கு ஏற்றது. சாபர்மதிக் கரையில் 1411இல் தோன்றிய அந்நகரைச் சுற்றி மதில் ஒன்று இருந்தது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயர் கைக்கு ஊர் வந்தபோது மதில் சிதைந்து கிடந்தது. அதைச் செப்பனிட 1830களில் நெய் முதலிய பண்டங்களின் மீது சிறு தீர்வை ஒன்று விதித்து, அதிகாரிகளும் நகரப் பெரியவர்களும் கூடிய ஒரு குழு அந்த நிதியைப் பரிபாலித்தது. மதில் வேலை முடிந்தபின் மிச்சப் பணத்தை ஊரின் பிற தேவைகளுக்குச் செலவிட்டார்கள். 1850ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த முறையான நகரசபை பின்னர் வந்தது. மதிலுக்காகப் பிறந்த நிதி, தெருவுக்கும் தண்ணீருக்கும் வழியாயிற்று.

ஆமதாபாத்தின் பழைய குடியிருப்புகளுக்குப் போள் என்று பெயர். ஒரே வாயிலும், உள்ளே வளைந்து செல்லும் சந்துகளும், நெருங்கிய வீடுகளும் கொண்டவை அவை. வசதியுள்ள வீடுகளில் மழைநீரைச் சேர்க்கும் நிலத்தடித் தொட்டி இருந்தது, பிறருக்குக் கிணறு. கழிவுநீரோ வீட்டருகே தோண்டிய குழிகளில் இறங்கி மண்ணில் ஊறியது. கிணறும் குழியும் அருகருகே இருந்தமையால் நோய்க்குக் குறைவில்லை. 1861இல் அந்நகரின் முதல் பஞ்சாலையை ஓடச் செய்த ரண்சோட்லால் சோட்டாலால், 1880களில் நகரசபையின் தலைவரானார். அப்பதவியை வகித்த முதல் இந்தியர் அவரே. குழாய்த் தண்ணீரும் நிலத்தடிச் சாக்கடையும் வேண்டும் என்று அவர் விடாது வற்புறுத்தினார்.

எதிர்ப்பு சர்க்காரிடமிருந்து வரவில்லை, ஊராரிடமிருந்தே வந்தது. வரி ஏறும் என்ற அச்சம் ஒருபுறம். மூதாதையர் வாழ்ந்தபடியே நாமும் வாழலாமே என்ற எண்ணம் மற்றொருபுறம். கண்ணுக்குத் தெரியாமல் மண்ணுக்கடியில் ஓடும் ஒன்றுக்குப் பெரும்பொருள் செலவிடுவதில் உள்ள ஐயம் வேறு. கூட்டங்கள் கூடின, விண்ணப்பங்கள் பறந்தன. ரண்சோட்லால் பொறுமையோடு பேசிப் பேசிச் சபையைத் தம் பக்கம் கொண்டுவந்தார். 1890களில் சாபர்மதி நீர் குழாய் வழியே நகருக்குள் வந்தது. சாக்கடை வேலையும் பகுதி பகுதியாகத் தொடங்கியது. 1898இல் அவர் காலமானார். மக்களுக்கு நன்மையானதைச் சொல்வது எளிது. அதற்கு மக்கள் தாமே பணம் கொடுக்கும்படி இசையச் செய்வது கடினம். அந்தக் கடினமான கலையை இந்தியர் பயின்ற இடம் நகரசபையே. அந்நிய அரசாங்கத்தின் மீது பழி போடும் வசதி அங்கே ஓரளவே இருந்தது.

அதே ஆமதாபாத்தில் 1917ஆம் ஆண்டு ஓர் இடைத்தேர்தல் நடந்தது. தரியாபூர் வட்டத்தில் நின்ற ஒரு வழக்கறிஞர் ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில் வென்றார். அவர் பெயர் வல்லபபாய் படேல். அவருக்குக் கிடைத்த பொறுப்புச் சுகாதாரக் குழுவின் தலைமை. அவ்வாண்டு ஊரில் பிளேக் நோய் பரவிற்று. வசதியுள்ளோர் ஊரைவிட்டு அகல, படேல் அங்கேயே தங்கித் தெருத்தெருவாகச் சென்று துப்புரவு வேலையை மேற்பார்வையிட்டார். சர்க்கார் அனுப்பிய ஆணையரின் செயல்களை ஆவணங்களைக் கையில் வைத்துக்கொண்டு சபையில் வினவினார். பின்னர், ஒத்துழையாமை இயக்கத்தின்போது, நகரசபைப் பள்ளிகளுக்குச் சர்க்காரின் மானியமும் வேண்டாம், மேற்பார்வையும் வேண்டாம் என்று சபை தீர்மானித்தது. 1922இல் சர்க்கார் சபையையே நீக்கிவைத்தது. 1924இல் மீண்டும் தேர்தல் நடந்தபோது படேல் தலைவராகி 1928 வரை இருந்தார். 1927 ஜூலையில் பெருமழை பெய்து குஜராத்தில் வெள்ளம் வந்தபோது, நகரின் வடிகால்கள் எங்கே அடைபடும், எங்கே வெட்டிவிட்டால் நீர் வடியும் என்பது அவருக்கு வரைபடம் இன்றியே தெரிந்திருந்தது. பிற்காலத்தில் 500க்கு மேற்பட்ட சமஸ்தானங்களை ஒன்று சேர்த்த உறுதியைப் பலரும் புகழ்கிறார்கள். அந்த உறுதி முதலில் ஊறுகாலும் வாய்க்காலுமாக வேலை செய்து பழகியது.

இதே 1917ஆம் ஆண்டில் சேலம் நகரசபையின் தலைவரானார் மற்றொரு வழக்கறிஞர், ராஜகோபாலாச்சாரியார். 1919 வரை அவர் அப்பதவியில் இருந்தார். ஒடுக்கப்பட்ட வகுப்பைச் சேர்ந்த ஒருவர் அச்சபையில் முதன்முதலாக இடம்பெற அவர் காரணமாயிருந்தார். அருகே ஈரோட்டில், அதே காலத்தையொட்டி, நகரசபைத் தலைவராக இருந்தவர் ஈ. வெ. ராமசாமி. காவிரி நீரை ஊருக்குக் குழாய் வழியே கொண்டுவரும் வேலையில் ஈடுபட்ட அவர், அந்தப் பதவியைத் துறந்து காங்கிரசில் சேர்ந்தார். பிற்காலத்தில் இவ்விருவரின் பாதைகளும் எதிரெதிராகச் சென்றன. ஆயினும் இருவரும் குழாயையும் தெருவையும் பற்றி முடிவு செய்யும் நாற்காலியிலிருந்தே பொதுவாழ்வுக்கு வந்தனர்.

1924ஆம் ஆண்டை மட்டும் நோக்குங்கள். ஆமதாபாத்தில் படேல்; அலகாபாத்தில் ஜவாஹர்லால் நேரு; பாட்னாவில் ராஜேந்திர பிரசாத்; கல்கத்தாவில் முதல் மேயராகச் சித்தரஞ்சன் தாஸும், தலைமை நிர்வாக அதிகாரியாகச் சுபாஷ் சந்திர போஸும். பின்னாளில் குடியரசின் முதல் தலைவர், முதல் பிரதமர், முதல் துணைப் பிரதமர் ஆகிய மூவரும் அந்த ஓராண்டில் மூன்று ஊர்களின் நகரசபைத் தலைவர்கள். 2018 முதல் பிரயாக்ராஜ் என்று வழங்கும் அலகாபாத்தின் நகரசபையில், நேரு 1923 முதல் 1925 வரை பணியாற்றினார். இந்த அனுபவத்துக்கு அவர் தம் சுயசரிதையில் ஓர் அத்தியாயமே ஒதுக்கியிருக்கிறார். சர்க்கார் வகுத்த இரும்புச் சட்டகம் எந்தப் பெரிய மாறுதலுக்கும் இடம் கொடுக்கவில்லை என்பது அவர் கண்ட முடிவு. ஆக, அக்காலத்து நகரசபையை ஒரு பொற்காலமாகக் கருத நமக்கு இடமில்லை. கையில் பணம் குறைவு, அதிகாரம் குறைவு, உள்ளூர்க் கட்சிப் பூசல் மிகுதி. இத்தனை குறைகளுக்கிடையே, கிடைத்த ஐந்து ரூபாயில் எந்தத் தெருவுக்கு முதலில் விளக்கு என்று முடிவு செய்து, அதற்கான காரணத்தைக் குறிப்பில் எழுதிவைக்கும் பழக்கம் மட்டும் உருவாயிற்று.

மற்றொரு குறையையும் மறைக்காமல் சொல்லவேண்டும். நகரசபையின் அன்றாட அலுவலில் மிகப் பெரியது துப்புரவு. அந்த வேலையைச் செய்தவர்கள், சாதியின் பெயரால் ஒதுக்கப்பட்டு, தலைமுறை தலைமுறையாக அதிலேயே நிறுத்தப்பட்ட மக்கள். மலம் சுமப்பதை ஒரு பதவியாக்கி, நியமன உத்தரவு கொடுத்து, சம்பளப் பட்டியலில் ஏற்றியவை நகரசபைகளே. உலர் கழிப்பிடங்களையும் மனிதர் மலம் அள்ளுவதையும் தடைசெய்யும் சட்டம் 1993இல்தான் வந்தது. அது போதாமல் 2013இல் மற்றொரு சட்டம் வேண்டியிருந்தது. சட்டம் வந்த பின்னரும் சாக்கடைக்குள் இறங்கி மாண்டவர்களைப் பற்றிய செய்திகள் ஓயவில்லை. நகரங்கள் தூய்மையடைந்த வரலாற்றை எழுதுவோர், யாருடைய கைகளால் அடைந்தன என்பதையும் அதே பக்கத்தில் எழுதக் கடமைப்பட்டவர்கள்.

விடுதலைக்குப் பிறகு வயதுவந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை கிடைத்தது. ஆனால், 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பில் கிராமப் பஞ்சாயத்தைப் பற்றி ஒரு வழிகாட்டி நெறி இருந்ததேயன்றி, நகரசபைக்கு அவ்வாறு ஒரு சொல்லும் இல்லை. மாநில சர்க்கார்கள் விரும்பியபோது சபைகளைக் கலைத்துத் தனி அதிகாரியிடம் ஒப்படைத்தன. 1688இல் தோன்றிய சென்னை மாநகராட்சியே 1973 முதல் 1996 வரை தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லாமல் கிடந்தது. இக்குறையைப் போக்க வந்ததே 74ஆம் அரசியலமைப்புத் திருத்தம். 1993 ஜூன் 1 முதல் அது செயலுக்கு வந்தது. சபையின் ஆயுள் 5 ஆண்டு. கலைத்தால் 6 மாதத்துக்குள் தேர்தல். மகளிர்க்கு மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாத இடங்கள். தாழ்த்தப்பட்டோர்க்கும் பழங்குடியினர்க்கும் மக்கள்தொகைக்கேற்ற இடங்கள். தேர்தல் நடத்தத் தனி ஆணையம். பணம் பங்கிட மாநில நிதி ஆணையம் என்பன அதன் முக்கிய விதிகள். அதனோடு சேர்ந்த 12ஆம் அட்டவணையில் 18 பொருள்கள் உள்ளன. குடிநீர், தெருவிளக்கு, பூங்கா, சுடுகாடு, இடுகாடு, கால்நடைப் பட்டி, பிறப்பு இறப்புப் பதிவு என்று அந்தப் பட்டியல் செல்கிறது. நூறாண்டுக்கு முந்திய நிகழ்ச்சி நிரல் ஒன்று அப்படியே அரசியலமைப்பில் ஏறியிருப்பதைப் போன்ற தோற்றம். இவ்வளவு உறுதி எழுத்தில் இருந்தும், தமிழ்நாட்டு நகரசபைகளுக்கு 2016இல் முடிந்த பதவிக்காலத்துக்குப் பின் அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரியில்தான் நடைபெற்றது. விதி இருப்பது போதாது. அதைக் கேட்டு நிற்பவர்களும் வேண்டும்.

இங்கேதான் வெளிமாநிலத்தில் வாழும் தமிழர் சற்று எண்ணிப்பார்க்கவேண்டும். நாம் சொந்த ஊர்ச் செய்தியை ஆவலோடு படிக்கிறோம். அங்கே ஆற்றுப்பாலம் கட்டினார்களா, தேரோடும் வீதி செப்பனிடப்பட்டதா என்று விசாரிக்கிறோம். ஆண்டின் 11 மாதங்களை எந்த ஊரில் கழிக்கிறோமோ, அவ்வூரின் வட்டத்துக்குப் பிரதிநிதி யார் என்று கேட்டால் நம்மில் பலருக்கு விடை தெரியாது. அந்த ஊர் நமக்குச் சொந்தமில்லை என்ற எண்ணம் இதற்கு ஒரு காரணம். அந்த மொழியில் விண்ணப்பம் எழுதும் தயக்கம் மற்றொன்று. வாடகை வீட்டில் இருப்பவர் தாம் வரி செலுத்துவதில்லை என்று நினைக்கிறார். வீட்டுக்காரர் செலுத்தும் சொத்துவரி பெரும்பாலும் வாடகையில் அடங்கியே இருக்கிறது.

சட்டம் இந்த விஷயத்தில் தாராளமாகவே இருக்கிறது. வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்வதற்குத் தாய்மொழியோ பிறந்த ஊரோ தடையல்ல. வழக்கமாக வசிக்கும் இடமே கணக்கு. ஓரிடத்தில் வீடு இருப்பதனால் மட்டும் ஒருவர் அங்கே வசிப்பவராக ஆவதில்லை என்றும், ஒருவர் பெயர் ஒரு தொகுதியில் மட்டுமே இருக்கவேண்டும் என்றும் சட்டம் கூறுகிறது. பழைய ஊர்ப் பட்டியலில் பெயரை வைத்துக்கொண்டு, வாழும் ஊரில் வாக்கின்றி இருப்பவர், இரண்டு ஊர்களிலும் பாதிப் பிரஜையாகவே இருக்கிறார். நடவடிக்கைக் குறிப்பையும் செலவுக் கணக்கையும் கேட்டுப் பெறும் உரிமையை 2005ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் எவருக்கும் அளிக்கிறது. அந்தக் குறிப்பு அந்த மாநில மொழியில் இருக்கும். அதைப் படிக்கப் பக்கத்து வீட்டாரின் துணையை நாடினால், ஒரு சாக்கடையைப் பற்றிய விவரத்தோடு ஒரு நட்பும் கிடைக்கக்கூடும்.

தரியாபூரில் ஒருவரை உள்ளே அனுப்பியது ஒரு வாக்கு. அந்த வாக்கை அளித்தவரின் பெயரை வரலாறு குறித்துவைக்கவில்லை. அவர் ஒரு நாட்டை ஒன்றுசேர்க்கும் எண்ணத்தோடு வாக்களித்திருக்கமாட்டார். தம் சந்தில் நீர் தேங்குகிறது, இவர் கவனிப்பார் போலிருக்கிறது என்று மட்டும் நினைத்திருக்கலாம். அந்த எண்ணம் போதுமானதாயிருந்தது. அடுத்த நகரசபைத் தேர்தல் எந்த மாநிலத்தில் வந்தாலும், அங்கே வாழும் தமிழர் அத்தகைய சிறிய எண்ணத்தோடு வாக்குச்சாவடிக்குச் செல்வார்களாயின், அந்த ஊரும் அவர்களைத் தன் மக்களாகக் கணக்கிட்டுக்கொள்ளும்.